யாருமல்லன்: நாற்பத்தேழு நிமிடம், வெட்டு இல்லை

தேசம்மாளின் கணவர் கோவிந்தராஜ் காணாமல் போன பன்னிரண்டாம் நாள், அவர் புனே கசார்வாடியில் பதினெட்டு அடி உயரத்துக்கு உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது.

தகவல் கொண்டுவந்தவர் கொழுந்தன் தங்கராஜ். ஆட்டோ ஓட்டுகிறவர். ஒன்றை ஒன்றரையாகச் சொல்லும் சுபாவம் உண்டென்பதால் தேசம்மாள் முதலில் நம்பவில்லை.

"இந்தக் கண்ணால பாத்தேன் அண்ணி. ஒரு சவாரிய எறக்கிவிட்டுத் திரும்பறேன், கண்ணாடிக் கதவுக்கு உள்ள செவுரு முச்சூடும் அண்ணன்தான். அதே கோடு போட்ட சட்ட. கைய ஆட்டிகினு குந்திகினு கீறாரு."

"பேசனாரா?"

"எங்க பேசறது. சினிமா மாரி ஓடுது."

கோவிந்தராஜுக்கு அறுபத்தெட்டு வயது. கட்கி ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம், குண்டு மூடிகளின் மரை சரியாக வெட்டியிருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கிற வேலை. அந்த அளவுகோலை அங்கே கேஜ் என்பார்கள். ஓய்வு பெற்று ஆறு வருடம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் ஞாபகம் தவணை முறையில் போக ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தார் பேர் போயிற்று, சோலாப்பூரில் இருக்கும் மகள் பேர் போயிற்று, போன தீபாவளிக்குத் தேசம்மாள் பேரும் போயிற்று. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. போபோடி வீட்டில் கட்டில்மேல் உட்கார்ந்து, இல்லாத மூடியை இல்லாத கேஜில் திருகிப் பார்த்து, சாயங்காலம்வரை பாஸ் போட்டுக்கொண்டிருப்பார். மூன்றாம் தேதி தேசம்மாள் கோதுமை அரைக்க கிர்ணிக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பினாள். அதற்குள் அவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

போலீஸ் சௌகியில் இருந்த ஹவல்தார் நல்ல மனிதர். மாவ்ஷி, மாவ்ஷி என்று, சித்தியை அழைக்கிற மரியாதையோடுதான் பேசினார். ஊரெல்லாம் கேமரா இருக்கிறது, ஆனால் எந்தக் கேமராவை எத்தனை மணிக்குப் பார்ப்பது? ஓர் இடம், ஒரு நேரம், இரண்டும் சொன்னால் அங்கிருந்து தொடர்ந்துவிடலாம். இன்னொன்றும் சொன்னார். பதிவு பதினைந்து நாள்தான் இருக்கும். அப்புறம் பழையதன் மேல் புதியது ஏறி அழிந்துபோகும்.

ஆக, வேண்டியது ஓர் இடமும் ஒரு நேரமும். மிச்சம் இருந்தது மூன்று நாள்.

*

ஸ்கூட்டருக்கு மட்கார்டு அடித்துக்கொண்டிருந்த பழைய ஷெட் ஒன்றை, கசார்வாடியில் பழைய மும்பை சாலையை ஒட்டி, 'ஸ்தப்த் பல்துறைக் கலை மையம்' என்று மாற்றியிருந்தார்கள். தரையில் இருந்த எண்ணெய்க் கறையைக் கழுவாமல் மேலே வார்னிஷ் அடித்து, பக்கத்தில் 'உழைப்பின் நினைவு' என்று பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். அதைச் சுற்றிக் கயிறு. ஷெட்டில் வேலை பார்த்தவர்களை என்ன செய்தார்கள் என்பதற்குத் தகடு இல்லை.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு மண்பானையைக் காட்டினார்கள். உள்ளே போகிறவர் தம் கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிப் பானையில் போட்டுவிட வேண்டும். கேள்வியோடு யாரும் உள்ளே போக அனுமதியில்லை. தங்கராஜ் இந்தியில் எழுதினார்: 'என் அண்ணன் எங்கே?'

"இத யாரு படிப்பாங்க?" என்று கேட்டாள் தேசம்மாள்.

யாரும் படிப்பதில்லை என்றும், கடைசி நாளன்று பானையோடு எரித்துவிடுவார்கள் என்றும் வாசலில் இருந்தவர் பெருமையாகச் சொன்னார்.

உள்ளே இருட்டு. சுவர் முழுக்கக் கோவிந்தராஜ். பன்னிரண்டு நாளில் முதல்முறையாகப் பார்க்கிறாள், அதுவும் இவ்வளவு பெரிதாக. இரண்டு மாதமாக அவளைச் சிரைக்க விடாமல் வளர்த்த தாடி அப்படியே இருந்தது. ஒரு கால் செருப்பைக் காணோம். எங்கேயோ ஒரு சிமெண்டுப் படியில், வெயிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், வேறொன்றும் தெரியவில்லை. இடது கையில் இல்லாத மூடி, வலது கை அதைத் திருகுகிறது, வலப்பக்கம் வைக்கிறது. சத்தம் எதுவும் இல்லை. சத்தத்துக்குப் பதிலாகத் தம்பூரா மாதிரி ஒன்று நொய் என்று இழுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பலகையைத் தங்கராஜ் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார். படைப்பின் பெயர்: 'யாருமல்லன்'. கலைஞர்: கேஷவ். நாற்பத்தேழு நிமிடம், வெட்டு இல்லை, ஒரே மூச்சு. இடம்: இடமின்மை. காலம்: இக்கணம்.

"இக்கணம்னா இன்னாடா?"

"இப்போன்னு அர்த்தம் அண்ணி."

"இப்போ இங்க இல்லியே."

தரையில் முப்பது பேர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மறந்து போட்டுக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர். கோவிந்தராஜ் மூடியைத் திருகினால் இவர்களும் திருகினார்கள். பத்து மூடி ஆனதும் கேஜில் ஒட்டிய பிசிறைத் துணியால் துடைப்பது அவர் வழக்கம். துணி இல்லாததால் தொடையில் துடைத்தார். முப்பது பேரும் தொடையில் துடைத்தார்கள். இதற்கு 'பற்றறுத்தல்' என்று பெயர் என்றும், சனி ஞாயிறுகளில் தனி வகுப்பு உண்டு என்றும் ஒரு துண்டுத்தாள் சொன்னது.

தேசம்மாள் சுவரிடம் போய்க் கையை வைத்தாள். கணவரின் முழங்கால் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. "எங்கய்யா கீற நீ" என்று கேட்டாள். அழுதாள். பின்வரிசையில் ஒரு பெண்ணும் அழ ஆரம்பித்தாள். அப்புறம் ஓர் இளைஞன். பத்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் விசும்பியது. எல்லோரும் வெளியே வந்தபோது மிகவும் லேசாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, வாசலில் எலுமிச்சை டீ குடித்தார்கள்.

*

மையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கிருஷ்ணப்ரியா. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண்; தமிழ், வீட்டில் அம்மா திட்டும்போது கேட்ட அளவுக்கு வரும். அழுத பெண்மணி யாரென்று விசாரித்துக்கொண்டு அவளே வந்தாள்.

"ஆன்ட்டி, ரொம்ப பியூட்டிஃபுல்லா அழுதீங்க."

"அவரு எங்க வூட்டுக்காரரு கண்ணு. காணாம போய் பன்னண்டு நாளு ஆவுது. இத்த எந்த எடத்துல, எப்போ புடிச்சீங்க? அத்த மட்டும் சொல்லிடு. நான் போயிடறேன்."

கிருஷ்ணப்ரியாவின் முகம் உண்மையாகவே வாடியது. கெட்ட பெண் அல்ல. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, விளக்கமாகச் சொன்னாள். கேஷவ் சார்தான் தனியாகப் போய் எடுத்தார். எங்கே என்று இங்கே யாருக்கும் தெரியாது. அவர் இப்போது இருபத்தோரு நாள் மௌனத்தில் இருக்கிறார். பேசமாட்டார். எழுதமாட்டார். தலையாட்டவும் மாட்டார், அதுவும் மொழிதான் என்பதால்.

"ஒரு ஊரு பேரு சொல்றதுக்கு எம்மா நேரம் ஆவும்?"

"டைம் இல்ல ஆன்ட்டி. இடம் சொல்லிட்டா அது ஆர்ட் இல்ல, நியூஸ். நீங்க கொஸ்டின் கேக்கறது ரொம்ப நல்லா இருக்கு. பட் ஆன்சர் வேணும்னு கேக்கறது கொஞ்சம்..." சொல் கிடைக்காமல் தேடினாள். "கொஞ்சம் அடிக்கற மாதிரி இருக்கு."

தங்கராஜுக்கு ஒன்று தோன்றியது. ஆட்டோக்காரருக்குப் பர்மிட், லைசென்ஸ் என்று காகித ஞானம் உண்டு. "ஒர்த்தர படம் புடிச்சா கையெழுத்து வாங்கணும் இல்ல? வாங்கனீங்களா?"

வாங்கியிருந்தார்கள். மையம் அந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பு. சம்மதப் படிவம் இருக்கிறது, அதில் தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கிறது. ஒட்டிய உறையில், பூட்டிய அலமாரியில்.

"அத்தக் காட்டும்மா."

"அது கான்ஃபிடென்ஷியல். பங்கெடுத்தவரோட ரகசியத்த நாங்க காப்பாத்தணும். அவர் வந்து கேட்டா மட்டும்தான் குடுப்போம்."

"அவரு காணாமப் போயிட்டாரு."

"அவர் ஒரு லெட்டர் குடுத்தாலும் போதும்" என்றாள் கிருஷ்ணப்ரியா, தன்னால் முடிந்த சலுகையாக.

*

பதின்மூன்றாம் நாள் காலை, மையத்தின் தலைவர் பத்மநாபன் அவர்களைத் தம் அறைக்கு அழைத்தார். வங்கியில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அறையில் நாற்காலி கிடையாது. எல்லோரும் தரையில் மெத்தையில். அவருக்கு மட்டும் முழங்கால் வலி என்பதால் உயரமான நாற்காலி. கலைஞர் கேஷவ் அவருடைய சொந்தத் தங்கை மகன் என்பது தற்செயல்.

"அம்மா, உங்க சிரமம் எனக்குப் புரியறது" என்று ஆரம்பித்தார். "வங்கியில முப்பத்தாறு வருஷம் இருந்தேன். ஒரு கேள்விக்கும் நேரா பதில் சொன்னதில்லை. ஒருத்தரும் என்மேல புகார் குடுத்ததுமில்லை. அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் இந்தப் பொறுப்புக்கு என்னைக் கூப்பிட்டா. கலைங்கறது என்ன? பதில் சொல்லாம இருக்கறது. நான் அதை முப்பத்தாறு வருஷமாப் பண்ணிண்டிருந்திருக்கேன், எனக்கே தெரியலை."

தேசம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த தொழிற்சாலை அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார்.

"இதுல மீசை இருக்கு. அங்கே தாடின்னா இருக்கு?"

"ரெண்டு மாசமா செரைக்க உடல சார்."

"இருக்கலாம். நான் மறுக்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. படைப்போட பேரே 'யாருமல்லன்'. அவர் கோவிந்தராஜ்னு மையம் எழுத்துல ஒத்துண்டா, யாரோ ஒருத்தர்னு ஆயிடும். அப்போ பேர் பொய். பலகை பொய். ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து ஒரு அருங்காட்சியகத்துல கேட்டிருக்கா. அவாளுக்கு யாருமல்லன்தான் வேணும். கோவிந்தராஜ் வேண்டாம்."

"எனக்குக் கோவிந்தராஜு தான் சார் வேணும்."

"பாருங்கோ, ரெண்டு பேர் தேவையும் வேற வேற" என்றார் பத்மநாபன், சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தியோடு. பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். கேஷவ் தினமும் பதினொன்றுக்கும் நாலுக்கும் 'மௌன சந்நிதி' என்று ஒரு நிகழ்த்துகலை செய்கிறார். எதிரே யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கலாம். மூச்சால் பதில் சொல்வார். மூச்சு, மௌனத்தில் சேராது என்று குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

"அவர் மனசு இளகினா, யார் கண்டா" என்றார். "நீங்க ரெண்டு மூணு வேளை வந்து உக்காருங்கோ."

தங்கராஜ் வெளியே வந்து காறித் துப்பினார். "வா அண்ணி, சௌகிக்குப் போலாம். போலீசக் கூட்டியாந்து அலமாரிய ஒடைக்கலாம்."

சௌகிக்குப் போனார்கள். அலமாரியை உடைக்க உத்தரவு வேண்டும், உத்தரவுக்கு மனு வேண்டும், மனு நகர ஒரு வாரம் ஆகும் என்று ஹவல்தார் வருத்தப்பட்டார். ஒரு வாரம் அவர்களிடம் இல்லை. அந்த நேரத்தில், அந்த ஊரில், கோவிந்தராஜை எங்கே பார்த்தோம் என்று சொல்லக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மூடியிருந்தது.

நாலு மணிக்குத் தேசம்மாள் போய் உட்கார்ந்தாள்.

*

கேஷவ் நாற்பது வயதுக்காரர். வெள்ளை உடை, உச்சிக் கொண்டை, பழம் மட்டும் சாப்பிடுகிறவரின் சருமம். பின்னால் சுவரில் கோவிந்தராஜ் ஓடிக்கொண்டிருந்தார். தேசம்மாள் மணையில் உட்கார்ந்து கேட்டாள்.

"இவர எங்க பாத்தீங்க சாமி? எந்த நாளு?"

கேஷவ் நீளமாக மூச்சை இழுத்தார். விட்டார். ஒரு கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கியது. கூட்டம் அடங்கிய குரலில் 'வாஹ்' என்றது.

ஓரமாக நின்ற கிருஷ்ணப்ரியா ஒலிபெருக்கியில் விளக்கினாள்: "'அவரை நான் எங்கே பார்க்கவில்லை?' என்று கேட்கிறார்."

மறுநாள், பதினாலாம் நாள், பதினொரு மணிக்கு வந்தபோது மையத்தின் வாசலில் தேசம்மாளின் படம் ஒட்டியிருந்தது. பெயர் போடவில்லை. 'கேள்வி: ஒரு தாய்மையின் தேடல்' என்று போட்டிருந்தார்கள். கணவரைத் தேடுகிறவள் எப்படித் தாய்மை ஆவாள் என்று தங்கராஜ் சண்டைக்குப் போனார். அது குறியீடு என்றார்கள். அரங்கு நிரம்பியிருந்தது. நின்றுகொண்டு பார்க்கிறவர்களே ஐம்பது பேர். அவள் உட்கார்ந்ததும் ஒருவர் பூப்போட்டார்.

"தேதி மட்டுமாவது சொல்லுங்க சாமி. நாளைக்கு அழிஞ்சிடும்."

கேஷவ் மூச்சை இழுத்து, இந்த முறை விடாமல் வைத்துக்கொண்டார். முக்கால் நிமிடம். முகம் சிவந்தது. கூட்டமும் மூச்சைப் பிடித்தது. ஒரு பெரியவரை வெளியே தூக்கிப்போய்க் காற்றாட வைத்தார்கள்.

"'நாளை என்பதே அழிந்துபோவதுதான்' என்கிறார்" என்றாள் கிருஷ்ணப்ரியா.

நாலு மணிக்குத் தேசம்மாள் கேஷவ் காலில் விழுந்தாள். அவர் அவள் காலில் விழுந்தார். இரண்டு பேரும் விழுந்து கிடந்ததைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். எழுந்து பார்த்தால் கேஷவ் அழுதுகொண்டிருந்தார். தேசம்மாள் அழவில்லை. அவளிடம் அழுகை தீர்ந்திருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது தங்கராஜ் கேட்டார். "இன்னா அண்ணி, ஒண்ணும் பேசமாட்டேங்கற?"

"எண்ணிகினு கீறேன்."

"இன்னாத்த?"

"அவுரு பாக்கற பீசு."

வீட்டில் இரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் கடிகாரம். நூறு மூடி பார்த்தால் டீ கொடுக்க வேண்டும். முன்னூறு பார்த்தால் ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். மூன்று நாளில் அந்தப் படத்தைப் பதினோரு முறை பார்த்துவிட்டாள். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், எண்ண ஆரம்பித்திருந்தாள். எண்ணிக்கை ஓர் இடத்தில் உதைத்தது. முதலில் தன் தப்பு என்றுதான் நினைத்தாள்.

*

பதினைந்தாம் நாள், மாலை நாலு மணி. இரவோடு பதிவு அழியும். பதினொரு மணி ஆட்டத்தில் கேஷவ் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி.

அரங்கில் முன்வரிசையில் பத்மநாபன். அவர் பக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தின் சார்பில் மும்பையிலிருந்து வந்திருந்த வைஜயந்தி என்ற நிபுணர். வெள்ளி நகை, வெட்டிவிட்ட நரை முடி, மடியில் குறிப்பேடு. தொடங்குமுன் பத்மநாபன் எழுந்து நாலு வார்த்தை பேசினார்.

"நாற்பத்தேழு நிமிஷம். ஒரு வெட்டு கிடையாது. இன்னிக்கு உலகத்துல எல்லாத்தையும் வெட்டி ஒட்டறா. கேஷவ் ஒரு கணத்தைக்கூடத் தொடலை. நேர்மை. இந்த அம்மாவும் மூணு நாளா வரா, ஒரு பதிலும் இல்லாம திரும்பறா. மையத்தோட வரலாத்துலயே இவ்வளவு தூய்மையான பார்வையாளர் கிடைச்சதில்லை."

கைதட்டல். தேசம்மாள் போய் மணையில் உட்கார்ந்தாள். எல்லோரும் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தார்கள். சிலருக்கு அது மனப்பாடமே ஆகியிருந்தது, உதடு அசைந்தது.

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு கேஷவைப் பார்த்தாள். சண்டை போடுகிற குரலில் அல்ல, உப்பு போட்டீர்களா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நடுவுல ஏன் சாமி வெட்டிட்டீங்க?"

கேஷவின் மூச்சு பாதியில் நின்றது. வைஜயந்தி குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கிருஷ்ணப்ரியாவிடம் கேட்டார். கிருஷ்ணப்ரியா ஒலிபெருக்கியை மூடிக்கொண்டு சொன்னாள். வைஜயந்தி மேலே கேட்கச் சொன்னார்.

"அவுரு பத்து பீசு பாத்தாதான் கேஜைத் தொடப்பாரு" என்றாள் தேசம்மாள். "ஒம்போதுல தொடக்கமாட்டாரு, பதினொண்ணுல தொடக்கமாட்டாரு. முப்பத்திரண்டு வருசம் சார்ஜ்மேன் நின்னு பாத்தாலும் அதான், பாக்கலன்னாலும் அதான். இங்க மொதல்லேர்ந்து சரியா வருது. அந்தக் காக்கா நெழலு செவுத்துல போவுது பாருங்க, அதுக்கப்புறம் நாலு பீசு பாக்கறாரு, உடனே தொடக்கிறாரு. ஆறு பீசு எங்க? ஆறோ பதினாறோ, நடுவுல நீங்க எடுத்துட்டீங்க. அவுரு வேல செய்யாம உடல. நீங்கதான் உட்டுட்டீங்க."

அரங்கில் பலர் தங்கள் தொடையைப் பார்த்துக்கொண்டார்கள். வைஜயந்தி, அந்தக் காகத்தின் நிழல் வரும் இடத்தை மறுபடி ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். பத்மநாபன், குழு கூடித் தீர்மானிக்கலாம் என்றார். அதற்குள் யாரோ ஓட்டிவிட்டார்கள். கூட்டம் சேர்ந்து எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. துடைத்தார்.

கணவரைத் தேடி வந்த பெண்மணியின் கண்ணீருக்கு இளகாத மௌனம், அவள் காலில் விழுந்ததற்கு இளகாத மௌனம், அந்த நாலில் உடைந்தது. கேஷவ் எழுந்து நின்றார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு மராத்தியில், கடைசியில் அம்மா வீட்டுத் தமிழில் வந்தது.

"வெட்டலை. அது வெட்டு இல்லை. பேட்டரி தீர்ந்துடுத்து. மாத்தினேன், ரெண்டே நிமிஷம். ஆகுர்டில, அந்த மூடிக்கெடக்கற கம்பெனி கேட் வாசல்ல, மூணாந்தேதி, மத்யானம் மூணே கால் வெயில்ல ஒத்தை ஆளா நின்னு எடுத்தேன். ட்ரைபாட் கெடையாது. கொடை கெடையாது. அதைப் போய் வெட்டுங்கறா. பேட்டரி தீந்தா கலைஞன் என்ன பண்ணுவான், சொல்லுங்கோ."

தங்கராஜ் சட்டைப்பையில் இருந்த பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஆகுர்டி. மூடின கம்பெனி கேட். மூணு. மூணே கால். எழுதி முடித்ததும் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தார்.

அவர்கள் கதவைத் தாண்டும்போது பத்மநாபன் ஒலிபெருக்கியை வாங்கிப் பேசிக்கொண்டிருந்தார். மௌனம் உடைவதும் மௌனத்தின் ஒரு நிலைதான். நாம் இன்று பார்த்தது முன்கூட்டியே திட்டமிட்ட படைப்பின் உச்சம். கைதட்டல் சாலைவரை கேட்டது.

*

ஹவல்தார் கடிதம் கேட்கவில்லை. தங்கராஜின் உள்ளங்கையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, கேமரா அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே திரை சின்னது. ஒரு பெட்டிக்குள் கட்டைவிரல் உயரத்துக்குக் கோவிந்தராஜ். எதிரே கேமராவோடு கேஷவ். நாலு மணி சுமாருக்குக் கேஷவ் கேமராவை மூடுகிறார். கோவிந்தராஜ் எழுந்து வந்து அவரிடம் ஏதோ கேட்கிறார். சத்தம் இல்லை. தேசம்மாளுக்குச் சத்தம் தேவைப்படவில்லை. வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கும்போது அவர் தலையை அப்படித்தான் சாய்ப்பார். கேஷவ் யோசிக்கிறார். வானத்தைப் பார்க்கிறார். போபோடி கிழக்கே இருக்கிறது. மேற்கே, சூரியன் இறங்கும் பக்கமாகக் கையைக் காட்டுகிறார். கோவிந்தராஜ் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் நடக்கிறார். கேஷவ் மறுபடி கேமராவைத் திறந்து, வெளிச்சத்துக்குள் போகிற முதுகை எடுக்கிறார். கடைசி நிமிடத்தில் வருகிற, எல்லோரும் எழுந்து நின்று பார்க்கிற காட்சி அது. அதற்கு முன் சுவர் ஒரு கணம் வெயிலில் வெளுத்துப்போகும்; இரண்டாவது வெட்டு அங்கேதான் ஒளிந்திருந்தது.

ஹவல்தார் மராத்தியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மாவ்ஷியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த கேமராவுக்குப் போனார். அதற்கு அடுத்தது. நெடுஞ்சாலை ஓரம். பாலத்தடி. நாலாம் தேதி விடிகாலையில் தேஹு ரோடு கண்டோன்மென்ட் பக்கம் ஒற்றைச் செருப்போடு ஓர் ஆள்.

மறுநாள் காலை தேஹு ரோட்டில் ஒவ்வொரு கடையாகப் படத்தைக் காட்டினார்கள். இட்லி விற்கிற மரியம்மாள் என்ற பெண் சட்டென்று சொன்னாள். ஒரு வாரம் தினம் இரண்டு இட்லி கொடுத்தேன், ராணுவ டிப்போ வாசலில்தான் உட்கார்ந்திருப்பார், நாலு நாளைக்கு முன்னால் காய்ச்சலில் விழுந்துவிட்டார், டிப்போக்காரர்களே சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'பெயர் தெரியாத ஆண்' என்று இருந்தது. கடைசிக் கட்டில். பாதி ஆளாக இளைத்திருந்தார். கால் இரண்டும் புண். கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தேசம்மாளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து புண்ணில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பத்மநாபனும் கிருஷ்ணப்ரியாவும் பூங்கொத்தோடு வந்தார்கள். பின்னால் கேஷவ், அவர் பிராயச்சித்தமாக நாற்பத்தோரு நாள் புது மௌனம் தொடங்கியிருந்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் பத்மநாபன். "மையமே நிம்மதியா மூச்சு விட்டது. ஒரே ஒரு சின்னச் சிக்கல். ஆம்ஸ்டர்டாம்ல அந்த வெட்டை மன்னிச்சுட்டா. ஆனா அவா ஒப்பந்தத்துல, படத்துல இருக்கறவர் அடையாளம் தெரியாதவர், கண்டுபிடிக்க முடியாதவர்னு ஒரு வரி இருக்கு. அதுக்கு நெருங்கின உறவு ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். அதாவது, அவர் கெடைக்கலைன்னு. சும்மா காகிதத்துல மட்டும்."

தங்கராஜ் காகிதத்தை வாங்கி அண்ணிக்குப் படித்துக் காட்டினார்.

தேசம்மாள் விசிறியை நிறுத்தவில்லை. "அவரு இங்கதான் சார் கீறாரு. கெடச்சாரா இல்லியான்னு அவரயே கேட்டுக்குங்க."

பத்மநாபன் சங்கடத்தோடு கட்டில் பக்கம் குனிந்தார். அறிவில்லாதவர்களிடம் பேசுகிற கனிவில், "நமஸ்காரம் சார். என்னைத் தெரியறதா?" என்றார்.

கோவிந்தராஜ் மெதுவாகத் தலையைத் திருப்பினார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவர் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. பத்மநாபனின் சட்டைப்பையைப் பார்த்தார். காலரைப் பார்த்தார். கை இரண்டையும் பார்த்தார்.

"பாஸ் எங்க?" என்றார்.

"பாஸா?"

"பாஸ் இல்லாம செக்சனுக்குள்ள வரக்கூடாது. வெளிய நில்லுங்க. மூணு பேரும்."

அதிகாரமான குரலுக்கு முப்பத்தாறு வருடம் எழுந்து நின்று பழகியவர் பத்மநாபன். காகிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே பின்வாங்கி வராந்தாவுக்குப் போனார். கிருஷ்ணப்ரியாவும் போனாள். கேஷவ் ஒருகணம் நின்று, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, அவரும் போனார்.

தேசம்மாளுக்கும் பாஸ் இல்லை. விசிறியை மடியில் வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

"இந்தம்மா இருக்கட்டும்" என்றார் கோவிந்தராஜ்.